இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்: ஒரு சிறைப்படமும் நமது கேள்விகளும்

1

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றில், தறிகள் நின்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காடாத் துணியைத் திரையாகக் கட்டி நண்பர்கள் ஒரு படம் போட்டார்கள். வி. சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’. 1957இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். தலைப்பின் நேர்ப்பொருள் ‘இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்’. முப்பது பேர் இருந்திருப்போம். தறி ஓட்டுகிறவர்கள், நாலு தறி ஆறு தறி சொந்தமாக வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள், தொழிற்சங்கத் தோழர்கள், என்னைப் போல எழுதுகிற ஒன்றிரண்டு பேர்.

படத்தில் தமிழ் எழுத்து ஓடவில்லை. எங்களில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. தெரிந்தவர்கள், அதே குடோனில் தறி ஓட்டும் பீகார்ப் பையன்கள் மூன்று பேர்தான். அவர்கள்தான் அவ்வப்போது பொருள் சொன்னார்கள். ஆறு கைதிகளும் ஜெயிலரும் சேர்ந்து பாடுகிற பிரார்த்தனைப் பாட்டு வந்தது. இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் இன்றும் பாடப்படுகிற பாட்டு அது. அதில் கடவுளை விளிக்கிற சொல் ‘மாலிக்’. “மாலிக்னா ஆருங் தம்பி, சாமியா?” என்று கேட்டார் ஒரு பெரியவர். பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: “சாமியும் மாலிக். ஓனரும் மாலிக்.”

குடோனே சிரித்தது. படம் முடிந்து தேநீர் குடிக்கையில் அதே பெரியவர் இன்னொன்று கேட்டார்: “அந்த ஜெயிலரு நல்ல மனுசன்தானுங், இல்லீங்கல. ஆனா அவரு கண்ணு பாக்காட்டி இவிய கையி வேல செய்யாதுங்களா?”

இந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. இந்தியச் சினிமாவின் மனிதநேயச் சாதனைகளில் ஒன்றாக எல்லோரும் ஒப்புக்கொண்ட படம் இது. 1957ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம், 1958இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி, அடுத்த வருஷம் அமெரிக்காவில் கோல்டன் குளோப் விழாவின் சாமுவேல் கோல்ட்வின் விருது. இவ்வளவு மாலை விழுந்த படத்தைப் பற்றி ஒரு தறிக்காரர் கேட்ட கேள்வியை விமர்சகர்கள் அதிகம் கேட்டதில்லை.

2

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதிநாத் என்ற இளம் ஜெயிலர். கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும் ஆறு பேரை, தன் பொறுப்பில், சிறைக்கு வெளியே பாழாய்க் கிடக்கும் ஒரு பண்ணைக்கு அழைத்துப் போகிறான். விலங்கு கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, மதில் கிடையாது. கல்லும் முள்ளுமான நிலத்தை அவர்களே திருத்தி விளைவிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஓடிப்போகிறார்கள், ஆனால் ஆதிநாத்தின் கண்கள் அவர்களை விடுவதில்லை, திரும்பி வந்துவிடுகிறார்கள். நிலம் விளைகிறது. காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோய் நியாயமான விலைக்கு விற்கிறார்கள். சந்தையைத் தன் பிடியில் வைத்திருக்கிற வியாபாரிக்கு அது பொறுக்கவில்லை. ஆள் வைத்து அடிக்கிறான். கை ஓங்க மாட்டோம் என்று ஜெயிலருக்குக் கொடுத்த வாக்குக்காக ஆறு கொலைகாரர்களும் அடியை வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் பண்ணைக்குள் மாடுகள் ஏவிவிடப்படுகின்றன. காளையோடு மல்லுக்கட்டி ஆதிநாத் சாகிறான். அவன் செத்த பிறகும் அந்தக் கண்கள் இருக்கின்றன.

இது முழுக்கக் கற்பனை கிடையாது. கதையை எழுதியவர் மராத்தியக் கவிஞர் ஜி.டி. மாட்கூல்கர். இன்றைய மகாராஷ்டிரத்தின் சதாரா, சாங்லி மாவட்டங்களில் சிதறிக் கிடந்த ஔந்த் என்ற சிறிய சமஸ்தானத்தின் மண்ணைச் சேர்ந்தவர். அந்தச் சமஸ்தானத்தில் 1930களின் கடைசியில், ஆட்பாடி அருகே ‘ஸ்வதந்த்ரபூர்’ என்ற பெயரில் ஒரு திறந்தவெளிச் சிறைக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. பின்னணியில் இருந்தவர் மாரிஸ் ஃப்ரீட்மன் என்ற போலந்து நாட்டு யூதப் பொறியாளர். பெங்களூரில் அரசு மின்சாதனத் தொழிற்சாலையை நடத்த வந்து, காந்தியின் பக்கம் சாய்ந்து, இராட்டையைச் சீர்திருத்துவதில் இறங்கியவர். திருவண்ணாமலையில் ரமணரிடமும் வந்து போனவர். கைதிகளை நம்பி விலங்கில்லாமல் நிலத்தில் குடியேற்றலாம் என்ற யோசனைக்கு ஔந்த் ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி சம்மதித்தார்.

ஆனால் ஔந்தில் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1939 ஜனவரியில் அந்த ராஜா ஓர் அரசியல் சட்டத்தின் மூலம் தன் அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு எழுதிக் கொடுத்தார். அதன் வரைவில் காந்திக்கும் பங்குண்டு; ஃப்ரீட்மனுக்கும் உண்டு. மதில் இல்லாத சிறையும் ராஜா இல்லாத ஆட்சியும் ஒரே சோதனையின் இரண்டு முகங்கள். கைதியை நம்புகிறவன் முதலில் தன் சிம்மாசனத்தை விட்டு இறங்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் உட்கிடை.

படம் என்ன செய்தது? சிறையை எடுத்துக்கொண்டது, சாசனத்தை விட்டுவிட்டது. இதை நான் சதி என்று சொல்ல வரவில்லை. 1957 என்ற வருஷத்தைப் பாருங்கள். குடியரசு ஏழு வயதுக் குழந்தை. உத்தரப் பிரதேசத்தில் சம்பூர்ணானந்த் பெயரில் கைதிகளின் திறந்தவெளி முகாம்கள் சில வருஷங்களாக நடந்துகொண்டிருந்தன. அகில இந்தியச் சிறை விதித்தொகுப்புக் குழு நியமிக்கப்பட்டதும் அதே 1957இல்தான். அதே வேளையில் வெள்ளைக்காரனின் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அப்படியே நடப்பில் இருந்தது. சட்டம் பழசு, அதிகாரி மட்டும் புதுசு, நல்லவன். நேரு காலத்து நம்பிக்கையின் சாரம் இதுதான்: அமைப்பைத் தொட வேண்டியதில்லை, அதற்குள் ஒரு நல்ல மனிதனை வைத்தால் போதும். ஆதிநாத் அந்த நல்ல மனிதன். ராஜா இறங்கிப்போன இடத்தில் ஓர் அதிகாரி ஏறி நிற்கிறான்.

3

சாந்தாராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901இல் கோலாப்பூரில் பிறந்தவர். 1929இல் பிரபாத் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1942இல் பம்பாயில் தன் சொந்த ராஜ்கமல் கலாமந்திரை நிறுவினார். 1955இல் ‘ஜனக் ஜனக் பாயல் பாஜே’யை டெக்னிக்கலரில் எடுத்து நாடெங்கும் ஓட்டிக் காட்டியவர். ஆக, வண்ணம் கைக்கு வந்த பிறகு, வேண்டாமென்று வைத்துவிட்டுத்தான் இந்தப் படத்துக்குக் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினார். ஒளிப்பதிவு ஜி. பாலகிருஷ்ணா, இசை வசந்த் தேசாய். ஆதிநாத்தாக நடித்தவர் சாந்தாராமே.

இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. தயாரிப்பாளர் அவர், இயக்குநர் அவர், திரைக்குள் மற்ற ஆறு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறவரும் அவர். கேமராவின் கண்ணும் ஜெயிலரின் கண்ணும் ஒரே ஆளுடையவை. நாம் அந்த ஆறு பேரை எப்போதும் அவர் நிற்கிற இடத்தில் நின்றே பார்க்கிறோம். அவர்கள் அவரைப் பார்க்கும்போது, தலை குனிய வேண்டியதாகவோ கும்பிட வேண்டியதாகவோதான் அந்தப் பார்வை முடிகிறது. இருட்டுக்குள் முகத்தை மூழ்கடித்துக் கண்ணுக்கு மட்டும் வெளிச்சம் கொடுப்பது கறுப்பு வெள்ளைக்கு வாய்த்த வித்தை. அதைப் படம் மிக நன்றாகச் செய்கிறது. செய்யும்போதே அறத்தையும் இரண்டு நிறமாகப் பிரித்துவிடுகிறது. கண் வெளிச்சம், கை இருட்டு. சிந்திக்கிறது ஒரு பக்கம், உழைக்கிறது மறு பக்கம். கண்கள் இரண்டுதான், ஆனால் பெயர் உண்டு, முகம் உண்டு. கைகள் பன்னிரண்டு, தலைப்பில் அவை எண்ணிக்கை மட்டும்.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவை வாசிக்கத் தொடங்கியபோது பெந்தாமின் கண்காணிப்புக் கோபுரம் நமக்கு அறிமுகமானது. வட்டமான சிறை, நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. தெரியாததால் எப்போதும் இருக்கிறான் என்றே நடந்துகொள்வான். கடைசியில் கோபுரத்துக்கு ஆளே வேண்டியதில்லை; கைதி தன்னைத் தானே காவல் காப்பான். சாந்தாராம் இதைப் படித்திருக்க முடியாது. ஃபூக்கோவின் அந்தப் புத்தகம் வெளிவந்ததே 1975இல். ஆனால் அவர் படம் ஃபூக்கோவை விட ஒரு படி மேலே போகிறது. ஆதிநாத் செத்துப்போகிறான், கண்கள் சாகவில்லை. கோபுரமும் போய், மதிலும் போய், காவலனும் போன பிறகு, காவல் மட்டும் மிஞ்சுகிறது. அதைப் படம் விடுதலை என்கிறது. பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நானும்தான் துடைத்துக்கொண்டேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதற்காக அழுதோம் என்று வீட்டுக்கு வந்து யோசிக்காவிட்டால் விமர்சனம் எதற்கு?

சவரக் காட்சி ஒன்று இருக்கிறது. கைதிகளில் ஒருவன் சவரத் தொழிலாளி. கத்தியால் கொலை செய்தவன். அவன் கையில் கத்தியைக் கொடுத்துத் தன் கழுத்தைக் காட்டி உட்காருகிறான் ஆதிநாத். நம்பிக்கையின் உச்சம் என்று பலரும் இக்காட்சியைச் சொல்வார்கள். உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் வெளியே எந்த வேலையைச் சாதி அவன் கையில் கொடுத்ததோ, அதே வேலை உள்ளேயும் அவன் கைக்கு வருகிறது. திருந்துவதற்குக்கூட அவனுக்கு வேறு தொழில் கிடையாது. நம் சிறை விதித்தொகுப்புகள் சவரம், துப்புரவு, சமையல் என்று வேலைகளைச் சாதி பார்த்துப் பிரித்துக்கொடுத்ததை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபரில். படம் வந்து அறுபத்தேழு வருஷம் கழித்து! அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டிருக்கிறது. படம் இந்தச் சாதியைப் பார்த்தது, பார்த்தும் பேசாமல் விட்டது. கத்தி கழுத்தில் இறங்குமா இறங்காதா என்பது மட்டுமே அதன் கவலை. கத்தி பிடித்த கைக்கு என்ன கதை என்று அது கேட்கவில்லை.

பொம்மை விற்கும் சம்பாவின் கதையும் இப்படித்தான். சந்தியா அந்தப் பாத்திரத்தைத் துள்ளலோடு செய்திருக்கிறார். வெறும் உழைப்பும் உபதேசமுமான அந்தப் பண்ணைக்குள் ஓசையையும் விளையாட்டையும் கொண்டுவருபவள் அவள்தான். ஆனால் கதையில் அவளுக்குத் தரப்பட்ட முதல் வேலை, ஆறு ஆண்களின் புலனடக்கத்துக்குப் பரீட்சை வைப்பது. தன் பிழைப்புக்காக அந்த வழியாகப் போகிற ஒரு சிறுவியாபாரி அவள், சந்தையின் ஒடுக்குமுறையை அந்த ஆறு பேருக்கு முன்பே அறிந்திருக்கக்கூடியவள். அந்த அறிவைப் படம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

4

அந்த ஆறு பேரும் ஏன் கொன்றார்கள்? கொலையின் பின்னே இருந்த நிலத் தகராறு, கடன், சாதி, பசி எதற்கும் படம் அதிக நேரம் ஒதுக்கவில்லை. ‘கொலைகாரர்கள்’ என்ற முத்திரை போதுமானதாக இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் ஆதிநாத்தின் கருணைக்குச் சங்கடம் வந்துவிடும். மன்னிக்கிறவனுக்கு எதிரே இருப்பவன் குற்றவாளியாக மட்டுமே இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரனாக இருந்துகொண்டு இதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. எங்கள் மத்தியச் சிறை 1872இல் கட்டப்பட்டது. 1908இலிருந்து 1910வரை வ.உ.சி. இங்கேதான் கிடந்தார். சணல் கிழிக்கும் எந்திரத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கு இன்றைக்கு நினைவுச்சின்னம். பி.ஆர். பந்துலு 1961இல் எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ சிவாஜியை அந்தச் செக்கில் பூட்டிக் காட்டியது. சாந்தாராமின் படத்துக்கு நாலு வருஷம் பின்னால் வந்த இந்தத் தமிழ்ப் படத்தில் சிறை யாரையும் திருத்துவதில்லை. கையைக் கிழிக்கிறது, அவ்வளவுதான். நாட்டுப்பற்று நாடகத்தின் குறைகள் எல்லாம் அதற்கு உண்டு. என்றாலும் கைதி எதற்காக உள்ளே வந்தான் என்பதை அது மறக்க விடுவதில்லை.

அதே சிறையில் 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். சங்கம் கட்டிப் போராடிய காலத்தில் அடியாள் ஒருவன் கொலையுண்ட வழக்கு அது. சட்டத்தின் பாஷையில் இவர்களும் ‘கொலைகாரர்கள்’. வருஷா வருஷம் ஜனவரியில் தோழர்கள் சின்னியம்பாளையத்தில் கூடி இவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். சோமனூரிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் தாண்டிப்போகிற ஊர் அது.

ஒரு கற்பனை. ஆதிநாத் 1945இல் கோவைச் சிறைக்கு ஜெயிலராக வந்திருந்தால் இந்த நால்வரை என்ன செய்திருப்பான்? அழைத்துப்போய்க் கல் பொறுக்க வைத்து, கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுத்து, இனிக் கை ஓங்க மாட்டோம் என்று வாக்கு வாங்கியிருப்பான். நால்வரும் உயிரோடு இருந்திருப்பார்கள். அது பெரிய விஷயம், அதைச் சின்னதாக்க நான் யார்? ஆனால் எதற்காகக் கை ஓங்கினார்கள் என்ற கேள்வி அவர்கள் உயிரோடிருக்கும்போதே செத்துப்போயிருக்கும். தூக்குக்கயிறு உடலை முடித்துவைக்கிறது. கருணை காரணத்தை முடித்துவைக்கிறது. முதலாவது கொடுமை, இரண்டாவது கொடுமையில்லை; இரண்டையும் சமமாக்குகிற அசட்டுத்தனம் எனக்கு வேண்டாம். இரண்டாவதன் விலையையும் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை. குற்றம் நிரூபணமாகாதவர்கள். இவர்களை எந்த நல்ல ஜெயிலர் எதிலிருந்து திருத்துவது? சிங்காநல்லூரில் ஒரு திறந்தவெளிச் சிறை உண்டு. ஆனால் அது நன்னடத்தை பார்த்துப் பொறுக்கியெடுத்த தண்டனைக் கைதிகளுக்கானது. மதிலுக்கு உள்ளே இருக்கிற பெருங்கூட்டத்துக்கு அங்கே இடமில்லை.

5

இந்தக் கதை தமிழுக்கும் வந்தது: ‘பல்லாண்டு வாழ்க’, 1975. இயக்கம் கே. சங்கர், ஜெயிலர் எம்.ஜி.ஆர். கைதிகளில் நம்பியார், பி.எஸ். வீரப்பா, ஆர்.எஸ். மனோகர். படம் வண்ணத்தில். கைதிகளின் பட்டியலே ஒரு விமர்சனம் போல இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாகத் திரையில் அவரிடம் அடி வாங்கிவந்தவர்கள் இப்போது அவரிடமே திருந்துகிறார்கள். சாந்தாராமின் ஆதிநாத்துக்குப் படம் தொடங்கும்போது முன்கதை கிடையாது. அவன் தன் நன்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது. தமிழில் அதற்கு அவசியமே இல்லை. தியேட்டருக்குள் நுழையும்போதே அவர் நல்லவர் என்று கூட்டத்துக்குத் தெரியும். கண்கள் இன்னும் பெரிதாகிவிட்டன, கைகள் இன்னும் சிறிதாகிவிட்டன. கறுப்பு வெள்ளையில் மிச்சமிருந்த இருட்டும் தயக்கமும் வண்ணத்தில் கழுவிப்போய்விட்டன.

வருஷத்தைக் கவனியுங்கள். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த வருஷம். நல்ல ஜெயிலர் திரையில் ஓடியதற்கு அடுத்த வருஷம், 1976 பிப்ரவரியில், சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். வார்டர்களோடு தண்டனைக் கைதிகளும் அடிக்க ஏவப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் பிறகு இதையெல்லாம் விசாரித்தது. கைதியின் கையை அதிகாரியின் கண் எப்படி இயக்கும் என்பதற்கு இது இன்னொரு உதாரணம். கண் நல்லதாக இருந்தால் கை காய்கறி விளைவிக்கும். கண் வேறாக இருந்தால் அதே கை சக கைதியின் எலும்பை முறிக்கும். இரண்டு இடத்திலும் கைக்குத் தன் சொல் கிடையாது. பெரியவர் கேட்டது இதைத்தான்.

6

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்தைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. காரணம் சந்தை.

படத்தின் கடைசிப் பகுதியில் ஆறு பேரும் காய்கறியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வரும்போது, படம் தன் சொந்தத் தத்துவத்தை மீறிவிடுகிறது. அதுவரை வில்லன் என்பவன் கைதியின் மனசுக்குள் இருந்தான்: கோபம், காமம், சோம்பல். சந்தைக்கு வந்ததும் வில்லன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கொலைகாரர்கள் நியாய விலை சொல்கிறார்கள், குற்றமே செய்யாத ‘கண்ணியமான’ வியாபாரி அடியாள் அனுப்புகிறான். சிறையின் மதில் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று அந்த ஒரு கணத்தில் படம் தெரிந்தோ தெரியாமலோ காட்டிக்கொடுத்துவிடுகிறது. குடோனில் அதுவரை பேசிக்கொண்டும் பீடி பிடிக்க வெளியே போய்க்கொண்டும் இருந்தவர்கள் இந்த இடத்தில் அசையவில்லை. “இது நம்ம கதையாட்டல்ல இருக்குது” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர்கள் கதைதான். சோமனூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தறி நெய்கிறவனுடையது, நூல் அவனுடையது அல்ல. பாவையும் ஊடை நூலையும் ஜவுளிக்காரர் தருவார். துணியை அவரே எடுத்துக்கொண்டு கூலி தருவார். என்ன கூலி என்பதற்குப் பேச்சுவார்த்தை நடக்கும், ஒப்பந்தம் ஆகும். ஒப்பந்தப்படி கொடுக்க வைக்க இன்னொரு போராட்டம் நடக்கும். 2022லும் 2025லும் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. மதில் இல்லை, விலங்கு இல்லை, காவல் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். திறந்தவெளிச் சிறை என்று இதைச் சொன்னால் உவமை கொஞ்சம் மலிவாகிவிடும். ஆனால் அந்த ஆறு பேர் சந்தையில் அடிபட்டுக்கொண்டு நிற்கையில் இவர்கள் தங்களை அங்கே பார்த்தார்கள் என்பதற்கு நான் சாட்சி.

ஆனால் படம் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது? அடி விழுகிறது, கைகள் உயரவில்லை. ஆதிநாத்துக்குக் கொடுத்த வாக்கு. அகிம்சை கோழைத்தனம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. தறியை நிறுத்துவதும் உண்ணாவிரதம் இருப்பதும் அகிம்சைதான். அங்கே கையைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுப்பது கையின் சொந்தக்காரர்கள். கூட்டம் போட்டு, சண்டை போட்டு, மறுபடி கூட்டம் போட்டு எடுக்கிற முடிவு. படத்திலோ கை ஓங்காதது அந்த ஆறு பேரின் முடிவாக இல்லை. அவர்கள்மேல் விழுந்துகொண்டிருக்கும் பார்வையின் முடிவாக இருக்கிறது. அவர்கள் ஆறு பேரும் தமக்குள் உட்கார்ந்து, ‘என்ன பண்ணலாம் சொல்லுங்கப்பா’ என்று ஆலோசித்து ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தால், அடி வாங்குவது என்றே தீர்மானித்திருந்தாலும், அது வேறு படமாக இருந்திருக்கும். ஔந்தின் இன்னொரு பாதி, அந்தப் பஞ்சாயத்து, படத்துக்குள் வந்திருக்கும். விட்டுவிட்டு வந்த சாசனம் எங்கே வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

7

ஒரு தகவல். காளையோடு மோதும் காட்சியின் படப்பிடிப்பில் சாந்தாராமுக்கு உண்மையிலேயே கண்ணில் அடிபட்டது. கொஞ்ச காலம் பார்வையில்லாமல் கட்டுப்போட்டுக் கிடந்தார். அந்த இருட்டில் தோன்றிய நிறங்களிலிருந்துதான் 1959இல் வந்த வண்ணப்படம் ‘நவரங்’ பிறந்தது என்று அவரே அந்தப் படத்தின் தொடக்கத்தில் தோன்றிச் சொல்கிறார். கண்களைக் கும்பிட்டுப் படமெடுத்தவருக்குக் கண் கட்டப்பட்ட நாட்கள் கிடைத்தன. அவர் அதிலிருந்து நிறங்களைப் பெற்றுக்கொண்டார். நாம் வேறொன்றைப் பெற்றுக்கொள்ள முடியும்.

ஏனென்றால் இந்தக் கேள்வி சாந்தாராமுக்கு மட்டுமானது இல்லை. நாம் எழுதுகிறவர்கள், இயக்கத்தில் இருக்கிறவர்கள். உழைக்கும் மக்களைப் பற்றி எழுதுகிறோம், அவர்களுக்காகக் கூட்டம் போடுகிறோம், அவர்கள் குடித்தால் வருத்தப்படுகிறோம், கட்சி மாறினால் கோபப்படுகிறோம், சாதிச் சங்கத்துக்குப் போனால் தலையில் அடித்துக்கொள்கிறோம். நம்முடைய பல கதைகளிலும் கவிதைகளிலும் ஒரு ஆதிநாத் உட்கார்ந்திருக்கிறான். நல்லவன், தியாகி, சாகவும் தயார். ஆனால் பார்வையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். மற்றவர்கள் கைகள், எண்ணிக்கையாக வருவார்கள். நம் கூட்ட அறிக்கைகளில் ‘நூற்றுக்கணக்கானோர் கலந்துகொண்டனர்’ என்று எழுதுகிறோமே, அந்த ‘நூற்றுக்கணக்கானோர்’ யார்? அன்று அந்தக் குடோனிலும், பொருள் சொன்ன மூன்று பையன்களின் பேரைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படம் முடிந்து காடாத் துணியை அவிழ்த்து மடித்துக் கொடுத்தது அவர்கள்தான். நாங்கள் கண்காணிப்பு அதிகாரத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் குடோனின் மூலையில் விட்டத்தை அண்ணாந்து காட்டினார். அங்கே ஒரு சின்னக் கேமரா, சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. “இப்பெல்லாம் மாலிக்கு சாக வேண்டியதில்லீங் தம்பி. ஊர்ல இல்லாட்டியும் போன்லயே பாத்துக்கறாரு” என்றார். அவர் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.